புரொப்பெல்லர் வளையாமல் வீடியோ: என்.டி. ஃபில்டரா, குளோபல் ஷட்டரா?

செஸ்னா 172 போன்ற சின்ன விமானத்தின் முன் சீட்டிலிருந்து வீடியோ எடுத்தால், புரொப்பெல்லர் அரிவாள் போல வளைந்து தெரியும். சில நேரம் துண்டுகளாகக் காற்றில் மிதக்கும். ரோலிங் ஷட்டர்தான் காரணம். சென்சார் படத்தை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் பிளேடு வெகுதூரம் சுற்றிவிடுகிறது. லென்ஸுக்கு முன்னால், ஒளியைக் குறைத்து ஷட்டரை மெதுவாக்க உதவும் கருப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் மாட்டலாம், இல்லையென்றால் குளோபல் ஷட்டர் கேமரா வாங்கலாம். நான் ஃபில்டரைத்தான் எடுத்தேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

குளோபல் ஷட்டரில் எல்லா வரியும் ஒரே கணத்தில் பதிவாகும், பிளேடு நேராக நிற்கும். சோனி ஏ9 III போன்றவற்றின் விலை லட்சங்களில். சரி, விலையை விடுங்கள். என்னை முடிவெடுக்க வைத்தது ஷட்டர் வேகம்.

புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40. நல்ல வெயிலில் கேமரா தானாகவே 1/2000 நொடிக்குப் போய்விடும். அதற்குள் பிளேடு நகர்வது சுமார் 7 டிகிரிதான். ஆகவே குளோபல் ஷட்டரிலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கூர்மையான பிளேடு வெவ்வேறு இடத்தில் உறைந்து நிற்கும்; ஓட்டிப் பார்த்தால் தயங்கும், பின்னோக்கிச் சுற்றும். அதைச் சரிசெய்ய ஷட்டரை மெதுவாக்க வேண்டும். அதற்கு அங்கேயும் ஃபில்டர்தான் தேவை! ஏ9 III-இன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 250 என்பதால் இன்னும் அடர்த்தியானதே வேண்டியிருக்கும்.

ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி.32 போட்டால் 1/2000 ஏறக்குறைய 1/60 ஆகிறது. பிளேடு 240 டிகிரி சுற்றிவிடும். இரண்டு பிளேடு வட்டத்தை நிரப்ப 180 போதும். கண்ணுக்குத் தெரிவது போலவே மங்கலான வட்டம் கிடைக்கும், உற்றுப் பார்த்தால் மெல்லிய பட்டைகள் இருக்கும். என்.டி.8 வாங்காதீர்கள், 1/250-இல் வளைவு அப்படியே தெரியும். ஐ.எஸ்.ஓ.-வை 100-இல் பூட்டிவிடுங்கள். கேமராவைப் பிடித்திருக்கும் மவுண்ட் ஆடக்கூடாது, மெதுவான ஷட்டரில் எஞ்சின் அதிர்வு படத்தைக் குழப்பும். அப்புறம், திருகி அடர்த்தி மாற்றும் வேரியபிள் என்.டி. வேண்டாம்: அதிலிருக்கும் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு), விமானத்தின் அக்ரிலிக் ஜன்னலில் வானவில் திட்டுகளைக் காட்டிவிடும்.

மூன்று பிளேடு விமானத்தில் நான் எடுத்ததில்லை. கணக்குப்படி அங்கே 1/120 போதும்.

ஃபில்டர் தோற்கும் இடமும் உண்டு. தரையில் டாக்ஸி செய்யும்போது, அதாவது மெதுவாக ஓடும்போது, சுற்று 1,000 அளவுக்கு இறங்கும், 1/60-இல் பிளேடு 100 டிகிரிதான் நகரும், வளைவு திரும்பி வரும். அந்தக் காட்சிகள் முக்கியமென்றால் குளோபல் ஷட்டர் கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.