பஸ் ஜிபிஎஸ்ஸுக்கு ஃப்ளோட்டா, டபுளா, இன்ட்டா?

ஓ.எம்.ஆர். பக்கம் டீக்கடையில் நின்றால் யாராவது ஒருவர், "டபுள் ஸ்லோ, ஃப்ளோட் போடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். புரோகிராமில் தசம எண்ணை வைக்கும் இரண்டு வகைகள் இவை: ஃப்ளோட்டுக்கு 4 பைட், டபுளுக்கு 8 பைட். முழு எண்ணை வைப்பது இன்ட். அவர் சொல்வது பாதிதான் சரி. இன்றைய லேப்டாப் பிராசசரில் இரண்டு ஃப்ளோட்டைக் கூட்டினாலும் இரண்டு டபுளைக் கூட்டினாலும் ஆகும் நேரம் ஒன்றேதான். எண்களை மெமரியிலிருந்து கொண்டுவருவதில்தான் வித்தியாசம். பெரும்பாலான பிராசசர்கள் ஒரு நடைக்கு 64 பைட் அள்ளி வருகின்றன. ஃப்ளோட் என்றால் அதில் 16 இருக்கும், டபுள் என்றால் 8. பத்துப் பதினைந்து வேரியபிள் (எண்ணை வைக்கும் பெயரிட்ட இடம்) உள்ள புரோகிராமில் மாற்றிப் பயனில்லை. கோடிக்கணக்கான எண்கள் வரிசையாக ஓடும்போதுதான் பாதி நேரம் வரை மிச்சமாகும்.

மாநகர பஸ்களின் ஜிபிஎஸ் புள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண்கள். 10 கோடி புள்ளிகளை டபுளில் வைத்தால் 160 கோடி பைட், ஃப்ளோட்டில் 80 கோடி. துல்லியம் போய்விடாதா? சென்னையின் தீர்க்கரேகை 80.27. ஃப்ளோட்டில் அந்த இடத்தில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் தரையில் சுமார் 83 சென்டிமீட்டர் இடைவெளி. பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று காட்ட இது தாராளம்.

ஆனால் நேரத்தை ஃப்ளோட்டில் வைத்தால் தொலைந்தோம். 1970 முதல் எண்ணும் விநாடிக் கணக்கு இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் ஃப்ளோட் 128 விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். சைதாப்பேட்டையில் ஏறியவர் அதே நொடியில் கிண்டியிலும் இருப்பார்! 32 பிட் இன்ட் 2038 ஜனவரி 19 வரை தாங்கும். எதற்கு வம்பு, 64 பிட் போடுங்கள்.

இடத்தைக் குறிக்கவும் என் ஓட்டு இன்ட்டுக்குத்தான். டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி 32 பிட் இன்ட்டில் வைத்தால், ஃப்ளோட்டின் அதே 4 பைட்டில் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். 180 டிகிரிகூட 180 கோடிதான், உச்சவரம்பான 214 கோடிக்குள் அடங்கிவிடும். தூரம் கணக்கிடும்போது மட்டும் டபுளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மொத்த தூரத்தைக் கூட்டும் வேரியபிளும் டபுளாகவே இருக்கட்டும். ஃப்ளோட்டில் 1,67,77,216-உடன் 1 கூட்டினால் அதே எண்தான் திரும்ப வரும்.

ரிச்சி தெருவில் வாங்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் கதை வேறு. ஈஎஸ்பி32-இல் ஃப்ளோட்டுக்கு ஹார்ட்வேர் உண்டு, டபுளுக்குக் கிடையாது. டபுள் கணக்கெல்லாம் சாஃப்ட்வேரில் ஊர்ந்துதான் போகும். எல்லா வேரியபிளையும் ஃப்ளோட் ஆக்கிவிட்டு, ஏன் இன்னும் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். வெறும் 0.1 என்று எழுதியிருந்தேன். சி மொழியில் அது டபுள். பக்கத்தில் இருக்கும் ஃப்ளோட்டையும் டபுளாக்கிவிடும். பின்னால் ஓர் எஃப் சேர்த்து 0.1f என்று எழுத வேண்டும். ஆர்டுயினோ ஊனோ போர்டின் பழைய மாடல்களில் (ஆர்3 வரை) இந்த வித்தையும் பலிக்காது. அங்கே டபுள் என்பதே 4 பைட் ஃப்ளோட்தான், இரண்டுமே சாஃப்ட்வேர்.