ஆந்தைக்குக் கட்டிய காசு கடற்காக்கையில் கழிந்தது

அமெரிக்காவில் மினியாப்பொலிஸிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் டுலூத். அங்கே ஒரு வழிகாட்டியிடம் (பெயர் வேண்டாம், ஆள் நல்லவர்தான்) இரண்டு நாள் பறவை பார்க்கப் பணம் கட்டி, மார்ச் இரண்டாவது வார இறுதியில் போய் வந்தேன். சனிக்கிழமை துறைமுகத்தில் கடற்காக்கைகள், ஞாயிறு சாக்ஸ்-சிம் சதுப்புக் காட்டில் ஆந்தைகள். நான் பணம் கட்டியதே ஆந்தைக்காகத்தான். அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, "வீட்டு முன்னால ஆந்தை கத்தினா விரட்டுவோம், நீ காசு கொடுத்துப் பார்க்கப் போறியா" என்றாள்.

முதல் நாள் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கடலே இல்லாத ஊரில் என்ன கடற்காக்கை? ஆனால் கெனால் பார்க்கில், அந்தத் தூக்குப் பாலத்துக்குப் பக்கத்தில், சுப்பீரியர் ஏரியின் பனிக்கட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே சாம்பல், ஒரே வெள்ளை. வழிகாட்டி ஸ்கோப்பை (முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி) நிறுத்தி, "முகத்தைப் பார்க்காதே, இறக்கை நுனியைப் பார்" என்றார். நுனி கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஹெர்ரிங் என்ற இனம். நுனியும் வெள்ளையாக, உடம்பும் பெரியதாக இருந்தால் ஆர்க்டிக்கிலிருந்து இறங்கி வந்த கிளாக்கஸ். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பது ஐஸ்லாந்து கடற்காக்கை. முன்பு தேயர் என்று தனி இனமாக வைத்திருந்ததை 2017-இல் ஐஸ்லாந்தோடு சேர்த்துவிட்டார்கள், தான் பார்த்த இனங்களின் பட்டியலில் ஒன்று குறைந்த கோபம் மனிதருக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு இளம் கிளாக்கஸைக் காட்டினார். பால் காப்பி நிறத்தில் உடம்பு, இளஞ்சிவப்பு அலகு, நுனி மட்டும் மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி கறுப்பு, இரண்டு நிறத்துக்கும் நடுவில் கோடு போட்டது போல ஒரு வெட்டு. ஹெர்ரிங் குஞ்சு முழு நிறத்துக்கு வர நான்கு வருஷம் ஆகுமாம், அதனால் ஒரே இனம் நான்கு சட்டை போட்டு நிற்கும். மூன்று மணி நேரம் குளிரில் நின்றோம், விரல் மரத்துப் போனது, போன் பேட்டரி செத்தது, பிளாஸ்கில் கொண்டு போன மிளகு ரசம் மட்டும்தான் துணை. போதும் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 2016 ஜனவரியில் இதே இடத்துக்கு அபூர்வமான, தூய வெள்ளை ஐவரி கடற்காக்கை வந்ததையும், அதைப் பார்க்கக் கூட்டம் கூடியதையும் அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வெள்ளைப் பறவையையும் இன்னொரு தடவை பார்த்தேன்.

ஞாயிறுதான் சொதப்பல். ஆறு பேருக்கு ஒரே ஸ்கோப், அது போகட்டும். காலையிலிருந்து மனிதர் மரத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார். எங்கேயோ ஆந்தை தெரிகிறது என்று செய்தி வந்தால் வேன் பறக்கும், போய்ச் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து கார். கிரேட் கிரே ஆந்தையைப் பார்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை, யாரோ ஒருவருடைய டிரைபாட் இடுக்கு வழியாக, நான்கு நிமிஷம்.

மனசு ஆறாமல் திங்கட்கிழமை லீவு போட்டுத் தனியாகப் போனேன். மெடோலாண்ட்ஸ் பக்கம் ஆந்தைச் சாலை என்றே ஒரு சாலை இருக்கிறது, அதில் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் சாக்ஸ்-சிம் பாக்' நடத்தும் வரவேற்பு மையம். வரைபடம் கொடுத்து, எந்தச் சாலையில் மெதுவாகப் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார்கள். எலி போட்டு இழுக்காதீர்கள், ரெக்கார்ட் செய்த குரலைப் போடாதீர்கள் என்றும் சொன்னார்கள், சரிதானே. மெதுவாக ஓட்டினேன். பொழுது சாயும் நேரம், சாலையோரக் கம்பத்தின் மேல் ஒரு கிரேட் கிரே ஆந்தை உட்கார்ந்திருந்தது. இரண்டடிக்கு மேல் உயரம், எடை ஒரு கிலோ சொச்சம்தான், மீதியெல்லாம் இறகு. குளத்தில் கல் போட்டால் விரியும் வட்டங்கள் மாதிரி முகம், அந்த முகத்தில்தான் சத்தத்தைச் சேர்த்துப் பனிக்கடியில் ஓடும் எலியைக் கேட்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது, சத்தமே இல்லாமல் இறங்கியது, பனிக்குள் தலைகுப்புற விழுந்தது. அது போன பிறகு காரிலிருந்தே பைனாகுலரில் பார்த்தேன்: நடுவில் ஒரு குழி, இரண்டு பக்கமும் விரல் விரித்த மாதிரி இறகுத் தடம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் சனிக்கிழமைக்கு. ஆந்தைக்கு வழிகாட்டி வேண்டியதில்லை, அரை டாங்க் பெட்ரோலும் பொறுமையும் இருந்தால் போதும், ஓரமாக நிறுத்தும்போது மட்டும் பனி மூடிய பள்ளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்காக்கைக்குக் கட்டாயம் ஆள் வேண்டும். அந்த ஒரு நாளை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு யாரும் வருவதில்லையாம், ஆந்தையோடு சேர்த்துத்தானாம்.