இயங்கலைப் பாட்டு வகுப்புக்கு ஸூம் சரிப்படுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியர், ரவாங்கிலும் செந்தூலிலும் பிள்ளைகள். இப்படி நடக்கும் கர்நாடக இசை வகுப்புகளுக்கு ஸூம் சரிப்படும், ஆனால் போட்டது போட்டபடி விட்டால் ராக பாவம் (ராகத்தின் உணர்ச்சி) மிஞ்சாது. பேச்சுக்காகச் செய்த செயலி அல்லவா? நீட்டிப் பிடிக்கும் கார்வையை மின்விசிறி இரைச்சலாக எடுத்துக்கொண்டு அறுத்துவிடும். தம்பூராவும் காணாமல் போகும். மெல்லப் பாடினால் ஒலியைக் கூட்டும், உரக்கப் பாடினால் குறைக்கும். ஏக்கமும் உற்சாகமும் ஒரே அளவில் வந்து சேரும். அதைக் கேட்டு, பிள்ளைக்கு உணர்ச்சியே இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

கணினியில் ஆடியோ அமைப்புக்குள் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ இருக்கும். அதைத் தேர்ந்து, ‘ஹை ஃபிடெலிட்டி’யையும் போடுங்கள். மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். எதிரொலி நீக்கத்தை ஹெட்போன் இருந்தால் மட்டும் அணைக்கலாம்; ஸ்பீக்கரில் கேட்டால் ஆசிரியரின் குரல் அவருக்கே திரும்பி வரும். வகுப்பு தொடங்கியதும் ஒரிஜினல் சவுண்ட் ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இவை எல்லாம் பாடும் பிள்ளையின் கணினியில் நடக்க வேண்டும். ஆசிரியர் பக்கம் மட்டும் மாற்றினால் பிள்ளையின் குரல் பழையபடிதான் வரும். ஹெட்போன் கம்பி உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடினால் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், தாமதமும் கூடும்.

சேர்ந்து பாடுவது மட்டும் எந்த அமைப்பிலும் நடக்காது, தாளம் பின்தங்கும். ஆசிரியர் ஒரு சங்கதி (வரியை மெருகேற்றிப் பாடும் ஒரு வகை) பாடி நிறுத்த, பிள்ளை திருப்பிப் பாடட்டும். சுருதி பிள்ளையின் பக்கமே ஒலிக்கட்டும். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை மெதுவாக ஓடவிட்டு, ஒரு காதை ஹெட்போனுக்கு வெளியே வைத்தால் போதும்.

அதற்குப் பிறகு உணர்ச்சிப் பயிற்சிக்கு வரலாம். “அம்மா இன்னும் வரலை” என்ற வரியை மோகன ராகத்தில் பாடச் சொல்லுங்கள். அடுத்து அதிலுள்ள அந்தர காந்தாரத்தை (உயர்ந்த ‘க’) மட்டும் ‘சாதாரண காந்தாரம்’ எனப்படும் தாழ்ந்த ‘க’வாக இறக்கச் சொல்லுங்கள், சிவரஞ்சனி ராகம் வந்துவிடும். மற்ற நான்கு ஸ்வரங்களும் அப்படியே. ‘வரலை’யில் அந்தக் காந்தாரத்தைப் பிடித்து நிறுத்தும்போது குரல் எப்படித் தணிகிறது என்று பிள்ளையையே கேளுங்கள். “சோகமாகப் பாடு” என்று சொல்வதைவிட இது நன்றாகவே வேலை செய்யும். கூச்சப்படும் பிள்ளை கேமராவை அணைத்துவிட்டுப் பாடட்டும்.

இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு துண்டிக்கப்படும். வர்ணம் என்ற பயிற்சி உருப்படியைப் பழக அது போதும், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்குப் போதாது. இணையம் தடுமாறும் நாளில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) உடைந்துதான் கேட்கும். அன்றைக்குத் திருத்தம் சொல்லாமல், கைப்பேசியில் பதிவுசெய்து கோப்பாக அனுப்பச் சொல்லி, பிறகு கேட்டுத் திருத்துங்கள்.