ஒன்பது வினாடியில் உள்ளே, ஒன்பது நாளில் வெளியே: ஒரு சூதாட்டச் செயலியின் மதிப்புரை

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் எனக்கே கொஞ்சம் குழப்பம்தான். வேலை செய்கிற நேர்த்திக்கு ஐந்தையும் கொடுக்கலாம். ஏழு மாதத்தில் இந்தச் செயலி ஒருமுறைகூடத் தொங்கவில்லை. நெட் இழுத்தடித்த நேரத்திலும் சுற்று பாதியில் நிற்கவில்லை. இதை நான் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் என் பிழைப்பே இதுதான். ஆன்லைன் கடைகளில் பணம் கட்டும் பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பவன் நான், பதினான்கு வருடமாக. வாங்க வந்தவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பெட்டியை நிரப்பச் சொன்னால் வெறுத்துப்போய் மூடிவிடுகிறார் என்று பார்த்து, அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லி அறிக்கை எழுதுவேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தச் செயலியில் எடுப்பதற்கு ஒரு தடைகூட மிச்சமில்லை. அதனால்தான் ஒரு நட்சத்திரம்.

பெயர் சொல்லப் போவதில்லை. திட்டி எழுதினாலும் தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே அப்படிப்பட்டவன்தான்.

லிங்க் அனுப்பியது என் மச்சினன். "மாமா, சும்மா போட்டுப் பாருங்க, ஆடுறதே அவன் காசுலதான்" என்றான். நான் சேர்ந்தால் அவனுக்கும் ஏதோ கிடைக்கும் என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேர்ந்ததும் போனஸ் வந்தது. அது 100 என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்கு வசதி. அந்த 100-ஐ வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதைப் போல 35 மடங்குக்கு, அதாவது 3,500-க்கு, பந்தயம் வைத்து ஆடியிருக்க வேண்டும். விதிமுறைப் பக்கத்தில் எங்கோ அடியில் இருந்தது இது. வைக்கிற பணத்தில் சராசரியாக 96 சதவீதம் திரும்பி வரும் என்று ஸ்லாட் விளையாட்டுக்குக் கீழே (மணி மாதிரி படங்கள் சுழன்று, ஒரே படம் ஒரே கோட்டில் வந்து நின்றால் ஜெயிப்பதுதான் ஸ்லாட்) அவர்களே பெருமையாகப் போட்டிருந்தார்கள். அப்படியானால் 3,500-க்கு ஆடினால் சராசரியாகப் போவது 140. இலவசமாக வந்த 100-ஐக் கையில் வாங்க 140 செலவு. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் போட்டது ஆறு மாதம் கழித்து.

அந்த 96 பார்க்கத்தான் நல்ல பிள்ளை. நூறில் நாலுதானே போகிறது, சினிமாவுக்குப் போனாலும்தான் போகும் என்று தோன்றும். ஆனால் நாலு போவது ஒவ்வொரு சுற்றிலும். திரும்பி வந்ததை யாரும் பையில் போடுவதில்லை, மறுபடி வைக்கிறோம். நூறை முழுவதுமாக ஐம்பது தடவை திருப்பித் திருப்பி வைத்தால் சராசரியாக மிஞ்சுவது 13. ஐம்பது சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

எனக்கு இந்த வேகம்தான் முக்கியமான விஷயமாகப் படுகிறது. ரூலெட் சக்கரம் பழைய சங்கதி, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் போய் நிற்கும் என்று பந்தயம் வைப்பது. ஐரோப்பிய வகையில் 37 கட்டம், பூஜ்யம் ஒன்று, நடத்துகிறவருக்கு 2.7 சதவீதம் நிற்கும். அமெரிக்க வகையில் பூஜ்யம் இரண்டு, 38 கட்டம், 5.26 சதவீதம். அதிலும் தோற்கத்தான் செய்வார்கள். ஆனால் அங்கே ஒரு ஆள் பந்தை உருட்டிவிட்டு, அது ஓடி அடங்கும் வரை காத்திருந்து, ஜெயித்தவருக்கு எண்ணிக் கொடுத்து, தோற்றவரின் காய்களை வழித்தெடுத்து, அப்புறம்தான் அடுத்த சுற்று. எழுந்து போகலாமா என்று யோசிக்க அந்த இடைவெளி போதும். செயலியில் அந்த ஆளும் இல்லை, அவர் தும்முகிற நேரமும் இல்லை. ஒரு சுற்றுக்கு வெறும் 1 வைத்தால்கூட ஒரு மணி நேரத்தில் 1,800 பந்தயம். நாலு சதவீதம் என்றால் மணிக்கு 72 போகும். நான் 1 வைக்கவில்லை.

ஆடிய இடம் குளியலறை. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு உட்காருவேன். சத்தம் இல்லாவிட்டாலும் போன் உள்ளங்கையில் அதிரும். 20 வைத்து 8 திரும்பி வந்தாலும் அது அதிர்கிறது, திரையில் பொற்காசு கொட்டுகிறது, "வெற்றி 8" என்று எழுத்து துள்ளுகிறது. 12 போயிருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை. முழுசாகத் தோற்கிற சுற்றில்கூட இரண்டு மணிப் படம் கோட்டில் நின்றுவிடும், மூன்றாவது மணி ஒரே ஒரு கோடு தள்ளி நிற்கும். ஸ்லாட் விளையாட விட்டு மூளையை ஸ்கேன் செய்து பார்த்த 2009-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று உண்டு. இப்படி மயிரிழையில் தவறும்போது, ஜெயிக்கும்போது விழிக்கிற அதே பகுதிகளில் சில விழித்துக்கொண்டன. தவறியது ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சுற்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து ஆடியபோது, அந்தத் தவறல் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையைத்தான் கூட்டியது. படித்தபோது யாரோ குளியலறைக் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

இதையெல்லாம் தடுக்க முடியாது, தொழில்நுட்பம் அப்படித்தான் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் 2021 அக்டோபரில் ஆன்லைன் ஸ்லாட்டுக்குப் புது விதிகள் வந்தன. ஒரு சுற்று 2.5 வினாடிக்குக் குறைவாக இருக்கக் கூடாது. தானாகச் சுற்றிக்கொண்டே போகும் பொத்தான் கூடாது. வைத்ததற்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பி வந்தால் வெற்றி மாதிரி கொண்டாடக் கூடாது. கூடவே, வெளியே எடுக்கச் சொன்ன பணத்தை மனம் மாறி மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதியும் கூடாது. நான்கும் என் செயலியில் இருந்தன. நான்கையும் பொத்தான் பொத்தானாக நான் அழுத்தியிருக்கிறேன்.

கடைசியாகச் சொன்னதுதான் என் கதை. உள்ளே பணம் போட ஒன்பது வினாடி: ஒரு தொடுதல், விரல் ரேகை, முடிந்தது. ஒருமுறை நிஜமாகவே பெரிய தொகை விழுந்தது. எடுக்கலாம் என்று போனால் அடையாள அட்டை கேட்டார்கள். பிறகு முகவரிச் சான்று. பிறகு அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு செல்ஃபி. மங்கலாக இருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். உள்ளே போட்டபோது என் முகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். "பரிசீலனையில்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி, அதற்கு நேர் கீழே பளிச்சென்று பச்சையில் "ரத்து செய்து தொடர்ந்து ஆடுங்கள்". என் வேலையில் யாராவது இப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தால், எந்தப் பொத்தானை அழுத்த வைக்கப் பார்க்கிறார்கள் என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவேன். தெரிந்தே இரண்டு தடவை அழுத்தினேன். பாதி அப்படியே போனது. மீதி ஒன்பதாம் நாள் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது.

அது நானும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. ஏழு மாதமாகப் போன பணமெல்லாம் ஏதோ துணிக்கடை, ஏதோ எழுதுபொருள் கடை என்ற பெயர்களில் சின்னச் சின்னதாகப் போயிருந்தது. அவள் கண்ணில் படவில்லை. வந்த பணம் பட்டுவிட்டது. "ஏங்க, இது யாரு? நமக்கு எதுக்குப் பணம் போடுறாங்க?" என்று போனை நீட்டினாள். தோற்றதெல்லாம் மறைந்தே இருந்தது, ஜெயித்ததுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அன்றைய இரவைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அதுவும் முழுசாக இல்லை. மீதி மூன்று நாள் கழித்து.

முன்பெல்லாம் சூதாட வேண்டுமென்றால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டும். வழியில் யாராவது பார்ப்பார்கள். நேரம் கழித்து வந்தால் வீட்டில் கேட்பார்கள். மனிதர்கள் அப்போது நல்லவர்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அப்போதும் வீட்டை விற்றவர்கள் உண்டு. ஆனால் வீடு போவதற்கு முன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஆன்டிகுவா தீவு 1994-இல் இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்கச் சட்டம் போட்டபோது, கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும் என்ற தடையாவது இருந்தது. இப்போது அதுவும் போய், பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக்கூடத் தெரியாமல் ஒருவன் மூழ்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன், 24 வயது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஐந்து பேரிடம் கடன் வாங்கினான். நானும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அலுவலகக் கழிப்பறையில் பக்கத்து அறையிலிருந்து அந்த அதிர்வு கேட்டது. நீளமாக ஒன்று, அப்புறம் குட்டியாக இரண்டு. அந்தத் தாளம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அப்போது என் கையிலும் அதே செயலி திறந்திருந்தது. வெளியே வந்து இருவரும் கை கழுவினோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நானும் அதற்கு முந்தைய வாரம் வண்டி ரிப்பேர் என்று ஒருவரிடம் வாங்கியிருந்தேன்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு ஒரு நாள், கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா, தன் கணவருக்கு விபத்து என்று உதவி கேட்டார். இருபது வருடமாக எல்லோர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதலில் கவரில் பணம் வைத்துக் கொடுப்பவர் அவர். இந்த முறை ஒருவர் மெதுவாக, "ஆஸ்பத்திரி பில் இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்கக்கா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இரண்டு தடவை ஏமாந்தவர். அக்கா ஒன்றும் பேசாமல் போனைத் திறந்து பில்லைக் காட்டினார். படத்தைப் பெரிதாக்கி, தேதி தெரிகிற இடத்தைக் கூடத் தள்ளிக் காட்டினார். சூதாட்டம் எத்தனை கோடி வியாபாரம் என்று கணக்கு எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் போட்டோவை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ தெரியாது.

சரி, வாடிக்கையாளர் சேவையைப் பற்றி. "பொறுப்பான ஆட்டம்" என்று ஒரு பகுதி இருக்கிறது, ஐந்தாவது மெனுவுக்குள். தினமும் இவ்வளவுதான் போடுவேன் என்று வரம்பு வைக்கலாம். அதை உயர்த்த 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். மிகச் சரியாக 24-ஆவது மணியில் "உங்கள் புதிய வரம்பு தயார்" என்று கொண்டாட்டக் காகிதம் பறக்கச் செய்தி வந்தது. கணக்கை மூட வேண்டும் என்று சாட்டில் கேட்டபோது, போவதற்கு முன் 30 இலவசச் சுற்று தரலாமா என்று கேட்டார்கள். குடிப்பதை நிறுத்துகிறேன் என்று சொல்பவனுக்கு வழியனுப்பு விழாவில் ஊற்றிக் கொடுப்பது போல. இந்த ஒப்புமை என்னுடையது மட்டுமல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது என்று நான் இப்போது போகும் ஆலோசகர் சொன்னார். மனைவி அதைக் கேட்டு, "அப்போ இது திமிர் இல்லையா?" என்றாள். "திமிரும் கொஞ்சம் உண்டு" என்றேன். சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு.

ஒருவழியாகக் கணக்கை மூடினார்கள், ஆனால் அந்த ஒன்றை மட்டும். அதே விளையாட்டுகள், அதே மணி, அதே பொற்காசு, வேறு பெயரில் பத்து செயலிகள் இருக்கின்றன. டென்மார்க்கில் 2012-லிருந்து, ஸ்வீடனில் 2019-லிருந்து, ஆஸ்திரேலியாவில் 2023-லிருந்து ஒரே இடத்தில் பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் சேர்ந்தே கதவைச் சாத்த வேண்டும். உரிமம் இல்லாதவை அதற்குள் வராது, அது வேறு தலைவலி. கடன் அட்டையில் சூதாடுவதைப் பிரிட்டன் 2020-லும் ஆஸ்திரேலியா 2024-லும் தடுத்தன. என் செயலியில் பணம் போடும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே "உடனடிக் கடன்" இருந்தது. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பதினாறு வினாடி. வேகமான சேவை.

நல்லது என்று சொல்ல ஏதாவது வேண்டுமென்றால், எழுத்துரு படிக்க நன்றாக இருக்கிறது.

இந்த மதிப்புரையைச் செயலிக் கடையில் நான் போடப் போவதில்லை. தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன், அவள் தன் போனிலிருந்து தட்டச்சு செய்து போடுவாள். நேற்று நானே போடலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நட்சத்திரம் போடும் இடத்துக்குப் போக மூன்று முறை கீழே தள்ள வேண்டியிருந்தது. மேலே, கட்டை விரலுக்கு நேராக, "மீண்டும் நிறுவு" என்ற பொத்தான் இருந்தது.