கிருஷ்ணகிரி கிரானைட் கட் பீஸ்: 1,550 ரூபாய்ல ஹால் டேபிள்

ஆணி அடிக்கக்கூடாதுன்னு வீட்டு ஓனர் கண்டிஷன், ஹால்ல ஒரு மூலை காலியாவே கெடந்துச்சு, கையில இருந்தது ரெண்டாயிரம். இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு எம்டிஎஃப் (மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை) டேபிள் வாங்கி, ஒரே ஒரு தடவை சொம்புத் தண்ணி கொட்டினதுக்கு ஓரமெல்லாம் ஊறி உப்பிப்போச்சு. மனசு விட்டுப்போச்சுங்க. அதான் இந்த தடவை பெங்களூர் ரோட்டுப் பக்கம் இருக்கற ஒரு கிரானைட் யார்டுக்கே போயிட்டேன்.

பெரிய ஸ்லாப்ல கிச்சன் மேடைக்கு அறுத்தது போக மிச்சம் விழற துண்டெல்லாம் யார்டுக்குப் பின்னாடி சாய்ச்சு வெச்சிருப்பாங்க, அதுக்கு ரேட்டே தனி. எனக்கு சதுர அடி 40 ரூபா போட்டாங்க. ரெண்டடிக்கு ஒன்றரை அடி, 120 ரூபாயோட கல்லு முடிஞ்சுது. ஊதாவும் சாம்பலும் அலை அலையா ஓடற பாரடைசோ, நம்ம மாவட்டத்துலயே வெட்டி எடுக்கற கல்லு, தண்ணி ஊத்தி தொடச்சா அந்த கோடெல்லாம் அப்படியே எழுந்து வருது, அவ்ளோ அழகு.

ஆனா கட் பீஸ்ல விரிசல் இருக்கும், கண்டிப்பா பாத்து எடுங்க. அங்க இருந்த அண்ணாவே சொல்லிக்கொடுத்தாரு: கல்லு மேல தண்ணிய தெளிச்சு காயவிடணும், எல்லா எடமும் காஞ்சப்புறமும் மயிர்க்கோடு மாதிரி ஒரு ஈரம் நின்னா அங்க விரிசல். ஒரு ரூபா காசால தட்டினா கணீர்னு கேக்கணும், மொத்துனு கேட்டா வெச்சுட்டு வந்துடுங்க. நான் மூணு துண்டு தள்ளிட்டு நாலாவதுதான் எடுத்தேன்.

கல்லு சீப்பு, ஓர பாலிஷ்தான் காசு. ஓடற அடிக்கு 30 ரூபா, சுத்தளவு ஏழடி, 210 ஆச்சு. செவுத்தோரம் போடறதா இருந்தா பின்பக்கத்த விட்டுடச் சொல்லுங்க, 60 ரூபா மிச்சம், எனக்கு அப்ப தோணல.

காலுக்கு, பழைய இரும்புக் கடையில கெடந்த தையல் மெஷின் ஸ்டாண்டு, 900 ரூபா. மிதிக்கற பலகை, சக்கரம் எல்லாம் அப்படியே இருந்துச்சு. எமரி ஷீட் போட்டு துருவ தேச்சு, கருப்பு எனாமல் ஒரு கோட்டு அடிச்சோம், ரெண்டும் சேத்து 130. கல்லு ஆடாம இருக்க நாலு மூலையிலயும் ரப்பர் புஷ் 40, ஆட்டோ 150. மொத்தம் 1,550.

18 எம்எம் கல்லு, இந்த சைசே பதிமூணு கிலோவுக்கு மேல வரும். ஆட்டோவுல படுக்கவெச்சு கொண்டுவராதீங்க, ஒரு குலுக்கலுக்கு நடுவுல விட்டுடும், நிக்கவெச்சு சாக்கு சுத்தி புடிச்சுக்கணும். அளவையும் வாயால சொல்லாதீங்க. ஸ்டாண்டோட மேல் ஃபிரேமை அளந்து பேப்பர்ல எழுதிக்கொடுங்க, மொதல்ல போன வேற ஒரு எடத்துல ஒரு இஞ்சு கொறச்சு அறுத்துட்டு எங்க தலையில கட்டப் பாத்தாங்க.

எங்க அத்தைக்கு அந்த ஸ்டாண்ட பாத்ததும் ஒரே சந்தோஷம், அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி தைச்ச மெஷினும் இதே மாடலாம், இப்ப பூ கட்ட உக்காந்தா கால் தானா அந்த மிதிபலகை மேல போயிடுது. மீதி இருக்கற 450 ரூபாய்க்கு ஜன்னல் திண்டுக்கு ரெண்டு சின்ன துண்டு எடுக்கப்போறேன். யாராவது போறதா இருந்தா காலையிலயே போங்க, மதியத்துக்கு மேல நல்ல துண்டு நிக்கறதில்ல.