ஏற்காட்டுச் சரிவில் கட்டை இழுக்க: ஏடிவியும் சேலத்துப் பட்டறை ஆர்ச்சும்

காப்பித் தோட்டத்துக்குள் சாய்ந்து கிடக்கும் சில்வர் ஓக் மரத்தைக் காப்பிச் செடி ஒடியாமல் வெளியே எடுப்பதற்கு, ஏடிவியும் (பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, பெரிய டயர் வைத்த நாலு சக்கர வண்டி) அதன் பின்னால் ஒரு ஆர்ச்சும் (கட்டையின் முன் முனையைத் தூக்கிப் பிடிக்கிற இரண்டு சக்கர இரும்புச் சட்டம்) சேர்ந்து செய்கிற வேலைக்கு ஈடாக நான் வேறு எதையும் பார்க்கவில்லை. டிரெய்லர் இல்லை, ஆர்ச். மலையில் தோட்டம் வைத்திருக்கும் பலரும் ஏடிவி வாங்கிய கையோடு டிரெய்லரைத்தான் தேடுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் நாகலூர்ப் பக்கம். காப்பி, அதற்கு நிழலாக சில்வர், சில்வர் மேல் மிளகுக் கொடி. சேர்வராயன் மலையில் முக்கால்வாசித் தோட்டங்கள் இப்படித்தான். ஐப்பசி, கார்த்திகைக் காற்று மழையில் வருஷா வருஷம் சில மரங்கள் சாயும். வயசான மரங்களை அனுமதி வாங்கி வெட்டவும் வேண்டியிருக்கும். மரம் சாய்வது ஒரு நஷ்டம் என்றால், அதை வெளியே எடுப்பது அதைவிடப் பெரிய நஷ்டமாக இருந்தது. ஆளுக்கொரு கடப்பாரையோடு நெம்பி உருட்டிக்கொண்டு வருவார்கள். சரிவில் கட்டை கை மீறி உருண்டால் கீழே ஒரு வரிசைச் செடி போய்விடும். காப்பி நட்டால் காய்க்க மூன்று நான்கு வருஷம். அந்தச் செடிக்கு யார் கணக்குப் போடுவது? டிராக்டர் எங்கள் சரிவில் இறங்காது, இறங்கினாலும் வரிசைக்குள் திரும்பாது. தோளில் தூக்கும் ஆட்களும் இப்போது கிடைப்பதில்லை. கிடைக்கிறவர்களுக்கும் இடுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

பத்தடி நீளம், ஓரடி குறுக்களவு உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. பச்சையாக இருந்தால் 200 கிலோவை ஒட்டி வரும். அடிமரத் துண்டு என்றால் இதைப் போல இரண்டு பங்கு. இதைத் தரையில் படுக்கப்போட்டு வெறும் சங்கிலியால் இழுத்தால் முன் முனை மண்ணைக் குத்தும், வேரில் மாட்டும், கல்லில் முட்டி நிற்கும். வண்டி திணறும், தடம் உழுத நிலம் மாதிரி ஆகிவிடும். அடுத்த மழையில் அந்தத் தடத்தில்தான் தண்ணீர் ஓடி மண்ணைக் கொண்டுபோகும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 570 சிசி, பெட்ரோல், பெல்ட் வைத்த தானியங்கி கியர், நாலு சக்கரத்துக்கும் இழுவை. ஒரு ரிசார்ட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடியதைப் பழையதாக வாங்கினோம். கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. அந்த வகுப்பில் எதை வாங்கினாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். லோ கியர் இருக்க வேண்டும். கட்டை இழுக்கும்போது ஹையில் ஓட்டினால் பெல்ட் வழுக்கி, சூடேறி, கருகிய ரப்பர் வாடை வரும். அப்புறம், எஞ்சின் பிரேக் உள்ள மாடலா என்று கேளுங்கள். பெல்ட் வண்டிகளில் சிலது ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிடியை விட்டுவிடும், இறக்கத்தில் சும்மா உருளும். மலையில் அது ஆகவே ஆகாது. மூன்றாவது, பின்னால் கொக்கி மாட்டும் இடம் அச்சுக்குக் கீழே, சட்டகத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது விஷயத்தில் உயிரே இருக்கிறது. சாமான் வைக்கும் பின் கேரியரில் கயிற்றைக் கட்டி யாரும் கட்டையை இழுக்காதீர்கள். இழுவை மேலே இருந்தால், கட்டை எங்காவது மாட்டிய நொடியில் முன் சக்கரம் தூக்கி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். வண்டி எடை 300 கிலோவுக்கு மேல். கீழே கட்டினால், கட்டை மாட்டியதும் சக்கரம் சுற்றும், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் இதை மேஸ்திரியிலிருந்து புதிதாக வந்த பையன் வரை எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி ஆர்ச். வெளிநாட்டில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, வரவழைக்கும் செலவு கட்டுப்படியாகாது. சேலத்தில் இரும்பு வேலைக்குப் பஞ்சமா? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில், தாளில் வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னேன். தலைகீழ் ப வடிவத்தில் இரண்டு கால், ஒவ்வொரு காலின் அடியிலும் தனித்தனிக் குட்டை அச்சு, அதில் பழைய மாருதி 800இன் 12 அங்குலச் சக்கரம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே குறுக்கு அச்சு கிடையாது, அந்த இடத்தில்தான் கட்டை தொங்க வேண்டும். மேலே நடுவில் கொக்கி, முன்னால் நீண்டு வரும் ஏர்க்கால். இரண்டு அங்குலச் சதுர பைப், கனமான சுவர் உள்ளது.

அந்தப் பட்டறைக்காரர் நான் வரைந்ததை அப்படியே செய்து கொடுத்துவிடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க்கா, சக்கரத்துக்குச் சக்கரம் நாலரை அடி போட்டிருக்கீங்க. உங்க வண்டி அகலம் எவ்வளவுங்க?”

“நாலடி.”

“அப்ப நாலடிக்கு மேல போகக் கூடாதுங்க. வண்டி நுழையற சந்துல ஆர்ச்சு மாட்டிக்கும். ஒசரத்தை வேணா ரெண்டு இஞ்சு கூட்டிக்கலாங்க.”

இரண்டு கால் சேரும் மூலைகளில் முக்கோணத் தகடு வைத்ததும் அவர் யோசனைதான். ஏர்க்கால் முனையில் வெறும் வளையம் போதும் என்று நான் நினைத்திருந்த இடத்தில், முழுசாகச் சுழலும் கொக்கியை வைக்கச் சொன்னதும் அவர்தான். ஒரு கல்லில் ஏறி ஆர்ச் பக்கவாட்டில் சாய்ந்தால், சுழலும் கொக்கி இருந்தால் ஆர்ச் மட்டும் சாயும், வண்டியைக் கூட இழுத்துப் போடாது. ஒருமுறை கூட ஏற்காட்டுத் தோட்டத்தில் கட்டை இழுத்துப் பார்க்காத மனிதர், இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்ததால் இதைச் சொன்னார். கூலியோடு எனக்கு 19,000 ரூபாய் ஆனது. கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆர்ச்சை வண்டியிலிருந்து கழற்றி, கட்டையின் தலைமாட்டில் கால் இரண்டும் இருபுறம் வருகிற மாதிரி நிறுத்துகிறோம். ஏர்க்காலை மேலே தூக்கினால் கொக்கி தாழும். கட்டையின் முனையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, சங்கிலியைச் சுருக்குப் போட்டு, அந்தக் கொக்கியில் இறுக்கமாக மாட்ட வேண்டும். பிறகு ஏர்க்காலைக் கீழே அழுத்தினால் கட்டையின் முன் முனை தரையை விட்டு எழும்பிவிடும். நெம்புகோல்தான். எங்கள் மேஸ்திரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஆள் ஒல்லி. அவர் ஒருவராகவே அழுத்திக் கட்டையைத் தூக்கிவிட்டு, “இத்தனை வருசம் எதுக்கு அம்மிணி தோள்ல சுமந்தோம்?” என்றார். அவர் தோளில் பழைய காய்ப்பு இன்னும் இருக்கிறது.

அப்படியே ஏர்க்காலை வண்டியில் மாட்டி, நாலு சக்கர இழுவையைப் போட்டு, லோவில் நடை வேகத்தில் கிளம்ப வேண்டியதுதான். முன் முனை காற்றில், எடையில் பாதி ஆர்ச்சின் சக்கரத்தில், வால் மட்டும் தரையில். வேர், கல் எதிலும் முட்டாது. தடத்தில் ஒரு கோடு மாதிரிதான் விழும்.

அந்த வால்தான் இதன் உயிர்நாடி. பக்கத்துத் தோட்டத்தில் டிரெய்லர் இருக்கிறது, இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன். கடையில் வாங்கியது, அதற்குத் தனி பிரேக் கிடையாது. சமதளத்தில் அருமையாக வரும். இறக்கத்தில் மொத்த எடையும் உருளும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வண்டியின் முதுகைத் தள்ளும். வளைவில் பின்பக்கத்தை ஒதுக்கித் தள்ளி வண்டியை மடக்கப் பார்க்கும். ஆர்ச்சில் அப்படி இல்லை. இறக்கத்திலும் கட்டையின் வால் தரையை உரசிக்கொண்டே வருவதால் அது பிரேக் மாதிரி வேலை செய்யும். சேர்வராயன் மலையில் மரம் மேலேயும் ரோடு கீழேயும் இருக்கிற தோட்டங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒன்று மட்டும், நேராக இறங்குங்கள், இல்லை நேராக ஏறுங்கள். சரிவின் குறுக்கே ஓட்ட வேண்டாம், எந்த ஏடிவிக்கும் அது ஆகாது.

பள்ளத்து ஓடைக்குள் கிடக்கிற கட்டைக்கு வண்டி போகவே கூடாது. வண்டியைத் தடத்திலேயே நிறுத்தி வின்ச்சால் (கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி) மேலே கொண்டுவந்து, அப்புறம் ஆர்ச். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் எடை, கயிறு கிட்டத்தட்ட முழுக்க வெளியே போய், உருளையை ஒட்டிய அடிச் சுற்று மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைக்கிற இழுவை. கயிறு முழுக்கச் சுற்றியிருக்கும்போது இழுவை குறையும். அதனால் ஒரு நல்ல கப்பி வாங்குங்கள். கயிற்றைக் கட்டைப் பக்கம் கப்பியில் சுற்றித் திருப்பிக்கொண்டு வந்து தடத்தோரத்தில் உறுதியான மரத்தில் கட்டினால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகம் பாதி. மரத்தில் சுற்ற அகலமான பட்டை வேண்டும், வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும். மிளகுக் கொடி ஏறிய மரத்தில் கட்டவே கட்டாதீர்கள். கயிறு விறைத்து நிற்கும்போது அதன் அருகே யாரும் நிற்கக் கூடாது.

ஆர்ச்சில் குறை இல்லாமல் இல்லை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு சக்கரத்தின் பேரிங் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. தூசி மூடி சரியாக உட்காராமல் செம்மண் சேறு உள்ளே போயிருந்தது. பட்டறையில் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் இந்த இரும்பை மலையிலிருந்து இறக்கி ஏற்ற பிக்அப் வாடகை யார் தருவது? இரண்டு சக்கரத்துக்கும் கிரீஸ் அடிக்கும் நிப்பிளை முதலிலேயே வைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் சுமார்தான், சங்கிலி உரசும் இடமெல்லாம் துரு. இரண்டடிக்கு மேல் பருமன் உள்ள அடிமரம் இந்த உயரத்துக்குள் வராது, அதை அங்கேயே குட்டையாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மழை விட்ட மறுநாளே இறங்க வேண்டாம். செம்மண் ஈரத்தில் சக்கரம் சுற்றினால் காப்பியின் மேல் வேர் கிழியும். ஏடிவி டயரில் காற்று ஐந்து ஆறு பிஎஸ்ஐ போதும், மண்ணை அமுக்காது. எங்களுக்குத் தோதான காலம் பழம் பறித்து முடிந்த மாசி, பங்குனி. தடம் காய்ந்திருக்கும், செடியில் பழம் இருக்காது. காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை விழுவதற்குள் முடித்துவிடப் பார்ப்போம். காலையில் பனி இறங்கியிருக்கும்போது காட்டெருமை காப்பிக்குள் நிற்கும். எஞ்சினைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள், அதுவாக ஒதுங்கிப் போகும்.

விறகுக்கு வருகிறேன். கவாத்து செய்த காப்பிக் கம்பு, கல்யாண முருங்கைக் கிளை, சில்வர் மிலாறு, இதெல்லாம் ஆர்ச்சுக்குச் சரிப்படாது. அதற்கு டிரெய்லர்தான், அதுவும் களத்துக்குப் பக்கத்துச் சமதளத்தில். காப்பிக் கம்பு அடுப்புக்கு அவ்வளவு நல்லது, கனல் நின்று எரியும். கல்யாண முருங்கை வைக்கோல் மாதிரிப் போய்விடும், வெந்நீர் அண்டாவுக்குப் பற்றவைக்க மட்டும். சில்வரைப் பிளந்து ஒரு கோடை முழுக்கக் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால்தான் புகையாமல் எரியும்.

வண்டியும் ஆர்ச்சும் இருக்கிறதென்று காட்டுக்குள் போய்விடாதீர்கள். ரிசர்வ் காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையும் வனத்துறையுடையது. சொந்தத் தோட்டத்திலும் மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, வெட்டுவதற்குக் கலெக்டர் தலைமையிலான கமிட்டியின் அனுமதி வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்த மலையில் நிழல் மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம். இந்த மாதிரி வண்டியை ரோட்டிலும் ஓட்டக் கூடாது, பதிவெண் கிடையாது. தோட்டத்துக்குள்ளே மட்டும்தான்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று ஏக்கர்தான், வருஷத்துக்கு ஒன்றிரண்டு மரம்தான் என்றால் ஏடிவி வாங்கும் காசுக்கு ஆள் வைத்தே எடுத்துவிடலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் கட்டும். எங்கள் ஆர்ச் இப்போது அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

செய்யச் சொல்கிறவர்கள், வண்டியின் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம், சக்கரத்துக்கு வெளியே அகலம் எவ்வளவு, இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் வண்டியின் பின்பக்கத்தைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் வேலைக்கு வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே கொடுத்துவிடுவது நல்லது, தை பிறந்தால் பட்டறையில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சேலத்துப் பட்டறைகளில் எந்த வேலையும் நடக்காது.