கும்பகோணத்தில் ஒரு டிரேடிங் வகுப்பு: 18,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடக்கும் பங்குச் சந்தைப் பயிற்சி வகுப்பு இது. குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை, மொத்தம் ஒன்றரை மாதம். கட்டணம் 18,000 ரூபாய். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள்.

முதல் நாள் எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சியாளர் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, எதற்காக டிரேடர் ஆக வேண்டும் என்று சொல்லச் சொன்னார். "பணத்துக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு வேறு ஆயிரம் வழி இருக்கிறது" என்றார். அறையில் இருபது பேர் இருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்கே காசு கொடுக்கலாம்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் முதலில் எழுந்தார். பென்ஷன் போதுமாம். "காலையில் ஒன்பதேகாலுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து மூன்றரைக்கு எழுந்திருக்க ஒரு வேலை வேண்டும். சும்மா இருந்தால் வீட்டில் கறிவேப்பிலை வாங்க அனுப்புகிறார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மயிலாடுதுறையிலிருந்து வந்த தம்பி பொறியியல் படித்தவன். சிங்கப்பூர் போக ஏஜென்டுக்குக் கொடுக்கச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்திருந்தான். அம்மா தனி ஆள், அதனால் ஊரிலேயே இருந்து சம்பாதிக்க ஒரு லேப்டாப் போதும் என்று நம்பி வந்திருந்தான். திருவிடைமருதூர் அக்கா ஒருவர், யாரிடமும் கேட்காமல் செலவழிக்கத் தன் பெயரில் பணம் வேண்டும் என்றார். கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்து, "விட்டதை எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் காரணம் வேறு. மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அரசு விலைதான். ஆனால் ஈரப்பதம் கூடிப்போன நெல், நிலையத்தில் இடமில்லாமல் சாலையில் குவித்துக் கிடக்கும் நெல், இதெல்லாம் தனியாரிடம் வரும்போது விலை தினம் ஒன்று. அறுவடை நேரத்தில் நாகைப் பக்கம் மழை என்றால் அடுத்த வாரம் என்ன விலை ஓடும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். முதலாளியும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார். கணிப்பு என்னுடையது, லாபம் அவருடையது. தாளடி முடிந்து சரக்கு விற்ற கணக்கை நானே எழுதும்போது கொஞ்சம் எரியும். என் கணிப்புக்கு நானே காசு வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

இதைச் சொன்னதும் பயிற்சியாளர், நெல்லில் அது முடியாது என்றார். பாசுமதி அல்லாத நெல் உட்பட ஏழு விளைபொருள்களின் முன்பேர வணிகத்தை, அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் வியாபாரத்தை, 2021 டிசம்பரில் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி நிறுத்தியது, அதன் பிறகு தடையை நீட்டித்துக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பொருளுக்குப் பூட்டு! உண்மையை முகத்துக்கு நேரே சொன்னதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண் கூடவே போடலாம்.

முதல் இரண்டு வாரம் அருமை. விலை வரைபடத்தை எப்படிப் படிப்பது, ஸ்டாப் லாஸ் (நட்டம் இதற்கு மேல் போகாமல் வெளியேறும் விலை) எங்கே வைப்பது, ஒரு வியாபாரத்தில் மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் போக விட வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் பொறுமையாக, நல்ல தமிழில் சொன்னார். பங்குச் சந்தையைப் பாடமாக மட்டும் நடத்துபவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொல்லியிருந்தது. அதன்படி பழைய வரைபடங்களைத்தான் வகுப்பில் காட்டினார்.

மூன்றாவது வாரத்திலிருந்துதான் தடம் மாறியது. இருபது பேரும் இருபது காரணம் சொல்லியிருந்தோம். எல்லோருக்கும் ஒரே மருந்தாக நிஃப்டி வாராந்தர ஆப்ஷனை எடுத்து நீட்டினார். நிஃப்டி என்ற பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் வைக்கும், வாரம் ஒருமுறை காலாவதியாகும் ஒப்பந்தம் அது. பொழுது போக வேண்டிய பென்ஷன்காரர் நல்ல கம்பெனிகளின் கணக்குகளைப் படித்து மாதம் ஒரு பங்கு வாங்கினாலே போதும். அவரைப் போய் செவ்வாய்க்கிழமை மதியம் ஆப்ஷன் காலாவதியாகும் நேரத்தில் திரை முன்னால் உட்கார வைப்பானேன்? அவரே ஒருநாள், "செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள், பொருத்தமாகத்தான் கிழமை வைத்திருக்கிறார்கள்" என்றார். அந்தத் தம்பிக்கு மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். ஆப்ஷனில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது என்பதை யாராவது அவனிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

செபியின் அறிக்கையையும் ஒரு ஸ்லைடில் காட்டினார், மறைக்கவில்லை. 2021-22 முதல் 2023-24 வரை முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நட்டம். சராசரியாக ஆளுக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். அடுத்தடுத்த வருடம் நட்டப்பட்டும் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடவில்லையாம். அந்த வரி வந்தபோது கடைசி பெஞ்சுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர், "மீதி ஏழு பேரில் நீங்கள் இருக்க வேண்டும்" என்றார். எங்கள் இருபது பேருக்கு அந்த விகிதத்தில் பார்த்தால் ஒன்றரை ஆள்கூடத் தேறாது. இதை நான் சத்தமாகவே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

கணக்கு எழுதுபவன் என்பதால் எனக்கு இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. செலவைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. பல தரகு நிறுவனங்களில் ஆப்ஷனுக்கு ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய். நாளுக்குப் பத்து முறை வாங்கி விற்றால் இருபது ஆர்டர், 400 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 472. மாதத்தில் இருபது சந்தை நாள் என்றால் 9,440. அந்தத் தம்பி ஐம்பதாயிரத்தோடு தொடங்கப் போவதாகச் சொன்னான். ஜெயித்தாலும் தோற்றாலும் மூலதனத்தில் மாதம் ஏறக்குறைய 19 சதவீதம் தரகுக்கே போய்விடும். பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் இதற்கு மேல். ஆப்ஷன் லாபம் வருமான வரியில் தொழில் வருமானம், ஐடிஆர் 3 படிவம் போட வேண்டும் என்பதை உணவு இடைவேளையில் நான்தான் அந்த அக்காவுக்குச் சொன்னேன்.

அப்புறம் டெலிகிராம் குழு. வகுப்பில் பழைய விலை காட்டியவர் குழுவில் அன்றன்றைய விலை நிலைகளைப் போடுகிறார்: இதற்கு மேல் வாங்கு, இதற்குக் கீழ் விற்று வெளியே வா. இப்படிச் சொல்லச் செபியில் பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்றும், ஆராய்ச்சி ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச் என்றும் பதிவு எண் தொடங்கும். நான் எண் கேட்டேன், "இதெல்லாம் படிப்புக்காக மட்டும் சார்" என்று பதில் வந்தது. தரகு நிறுவனத்தில் கணக்கு தொடங்க அவர் தரும் இணைப்பையே பயன்படுத்தச் சொல்கிறார். நான் நேராகப் போய்த் தொடங்கிக்கொண்டேன்.

சரி, சேரலாமா? இருக்கும் பங்கைப் புரிந்துகொள்ள வேண்டும், வீட்டில் பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லை என்றால் முதல் இரண்டு வாரம் நிச்சயம் பயன்படும். மாதச் செலவுக்கு என்று வருபவர்களும் விட்டதை எடுக்க வருபவர்களும் அந்த 18,000-ஐ வங்கியிலேயே விட்டுவிடலாம். செபியின் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் செபி முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வுக்குக் கட்டணமே இல்லை, முதலில் அதை எழுதிப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டிச் சேர வழியுண்டா என்று என் மைத்துனனுக்காகக் கேட்டேன். "பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது" என்றார்கள்.